மழைநீர் மட்டும்

செப்டம்பர் 24, புதன்

இன்றும் நாற்றம். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. நேற்று மாலை பெய்தது வெறும் தூறல்தான். அதற்கே தெருவின் மழைநீர் வடிகால் மூடி ஓரமாகச் சாம்பல் நிற நுரை பொங்கி ரோட்டில் வழிந்து கிடந்தது. போன வருடம்தான் மாநகராட்சி இந்த வடிகாலைக் கட்டிக் கொடுத்தது. சிமெண்ட் மூடியில் 'மழைநீர் மட்டும்' என்று பெயிண்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

இது யார் வேலை என்று எனக்குத் தெரியும். எதிர்ச்சாரியில் செல்வராணியின் மாவுக்கடை. விடிந்தது முதல் கிரைண்டர்கள் ஓடுகின்றன. அரிசி களைந்த தண்ணீர், உளுந்து ஊறிய தண்ணீர், கிரைண்டர் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு குழாய் வழியாக நேரே வடிகாலுக்குள் போகிறது. வெள்ளை வெளேரென்று போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புளித்த மாவுத் தண்ணீர் நாறாமல் என்ன செய்யும்?

சாயங்காலம் மாவு வாங்கப் போனபோது குழாயும் நுரையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். செல்வராணி பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, என் கடையப் போட்டோ புடிக்கிறீங்க?"

"பொண்ணுக்கு அனுப்பலாம்னு. அமெரிக்காவுல இந்த மாதிரி மாவு கிடைக்காதே" என்றேன். அந்தப் பொய் எப்படி அத்தனை சுலபமாக வந்ததோ.

"அப்ப என்னையும் சேத்து எடுங்க" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிரைண்டர் பக்கத்தில் வந்து நின்றாள். எடுத்தேன்.

மாநகராட்சிச் செயலியில் புகார் பதிவு செய்தாயிற்று. பெயரை வெளியிட வேண்டாம் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டேன். அவள் இல்லாத போட்டோவைத்தான் அனுப்பினேன்.

செப்டம்பர் 26

புகாரை உறுதிப்படுத்த மாநகராட்சியிலிருந்து போன் வந்தது. உதவிப் பொறியாளராம், பெயர் கயல்விழி. சின்னப் பெண்ணின் குரல். "வேற எந்தக் கட்டடத்துல இருந்தாவது கழிவுநீர் வருதா மேடம்?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மாவுக்கடைதான்" என்றேன். நல்லபடியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இப்படி நாலு அதிகாரிகள் இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அடுக்ககக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, சமோசா, காபி. நான் செயலாளர் ஆன பிறகு நடக்கும் முதல் பொதுக்கூட்டம். பொருளாளர் ஸ்ரீதர் எழுந்து, "கிரிஜா மேடம் வந்த பிறகு கழிவுநீர் லாரியோட சத்தமே நாம கேக்கறதில்ல. வாரத்துக்கு மூணு தடவை வந்துட்டிருந்தது, இப்ப எப்பவாவதுதான். பேங்க் அனுபவம்னா சும்மாவா?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

உண்மையில் அது பிளம்பர் டேனியலின் வேலை. எங்கள் பகுதிக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. கழிவுநீர்த் தொட்டி நிறைய நிறைய லாரி வைத்து எடுத்தாக வேண்டும். ஜூன் மாதம் டேனியலைக் கூப்பிட்டு, எப்படியாவது இந்த லாரியைக் குறைத்துக் கொடு என்றேன். பின்பக்கம் ஒரு உறிஞ்சு குழி போட்டுக் கொடுத்தான். "மண்ணு நல்லா உறிஞ்சுது மேடம்" என்றான். நான் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. புதரும் கொசுவுமாகக் கிடக்கும்.

தெருவில் அடிக்கும் நாற்றத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. புகார் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அதற்கும் கைதட்டல். என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சமோசாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "அந்தக் களிமண்ணு அவ்வளவு தண்ணியக் குடிக்குமா கிரிஜா?" என்று கேட்டார். முப்பது வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

அக்டோபர் 3

வந்தார்கள். ஜீப், அதன் பின்னால் சிமெண்ட் கலவையோடு ஒரு டிரை சைக்கிள். கயல்விழி என்ற அந்தப் பெண் தலையில் தொப்பியோடு குனிந்து குழாயைப் பார்த்தாள், படம் எடுத்தாள். குழாயை அடைத்துச் சிமெண்ட் பூசினார்கள். கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டி ஷட்டரை இறக்கிச் சீல் வைத்தார்கள்.

பால்கனியில் காயப்போட்டிருந்த புடவைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். செல்வராணி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே ஊற வைத்த அரிசி இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள் போலிருக்கிறது. மறுபடி ஷட்டரை ஏற்றினார்கள். அவள் இரண்டு பெரிய அண்டாவை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தாள். பிறகு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அக்டோபர் 4

சூப்பர் மார்க்கெட் பாக்கெட் மாவில் தோசை. இவர் ஒன்றோடு எழுந்துவிட்டார்.

அக்டோபர் 7

செல்வராணி வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடப் பழக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் ஏறியது இதுதான் முதல் தடவை. கையில் எவர்சில்வர் தூக்கு.

"பேங்க்ல இருந்தவங்க, நாலு எழுத்து நல்லா எழுதுவீங்க. எனக்கு ஒரு மனு எழுதித் தரணும்க்கா" என்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காபியை வேண்டாம் என்றாள்.

"குழாய வெளிய வுட்டது தப்புதான். நான் இல்லைன்னு சொல்லல. கடை வாடகைக்கு எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு, நானும் வுட்டுட்டேன். ஆனா நாத்தம் என்னுது இல்லக்கா. அரிசித் தண்ணி இப்படியா நாறும்? நான் தொட்டி கட்டிக்கிறேன், மாட்டுப் பண்ணைக்காரரு கழனித் தண்ணிய எடுத்துக்கிறேங்கிறாரு. கடையத் தொறக்க மட்டும் வுடச் சொல்லி எழுதுங்க. யமுனா வேற எட்டாம் மாசத்தோட வந்து இருக்கா. எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டப் போனா எப்ப வருவாருன்னு தெரியாது."

யமுனா அவள் மகள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள்.

எழுதினேன். 'பெறுநர்' என்று தொடங்கிக் 'கனிவுடன் பரிசீலிக்குமாறு' வரை. வங்கியில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதுவும் நன்றாகவே வந்தது. படித்துக் காட்டியதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"எவனோ போட்டோ எடுத்துப் போட்டிருக்கானாம்க்கா. நேரா வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சரி, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

போகும்போது தூக்கை மேஜையில் வைத்தாள். வீட்டு மிக்ஸியில் எங்களுக்காக அரைத்த மாவு. "சாருக்கு வேற மாவு ஒத்துக்காதுல்ல" என்றாள்.

இவர் நாலு தோசை சாப்பிட்டார். எனக்குப் பசியில்லை.

அக்டோபர் 11

சாயங்காலம் அரை மணி நேரம் மழை. வடிகாலில் மறுபடி நுரை. கடை மூடி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. உள்ளே தங்கிய பழைய மாவாக இருக்கலாம். ஒரேயடியாகவா போய்விடும்?

"கடைதான் மூடியிருக்கே" என்றார் இவர், ஜன்னலில் நின்றபடி. எப்போதும் இப்படித்தான், பாதியில் நிறுத்திவிடுவார்.

நுரை காற்றில் பறந்து எங்கள் கேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றத்தின் நடுவே மெல்லியதாக ஒரு மல்லிகை வாசம். துணி துவைக்கும் திரவத்தின் வாசம். எங்கள் அடுக்ககத்தில் பாதி வீட்டில் அதைத்தான் வாங்குகிறோம். மொத்தமாக வாங்க ஏற்பாடு செய்ததே நான்தான்.

அதற்கென்ன, ஊர் முழுக்க அதைத்தான் வாங்குகிறார்கள்.

அக்டோபர் 13

பின்பக்கம் போனேன்.

உறிஞ்சு குழி என்று ஒன்று இல்லை. வட்டமாக ஒரு சிமெண்ட் மூடி, அதைத் தள்ளினால் ஒரு சாண் மணல், அவ்வளவுதான். தொட்டிக்குள் ஒரு மோட்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே தானாக ஓட ஆரம்பித்தது. மொத்தமான குழாய் ஒன்று மதில் ஓரமாகவே போய், முன்கேட்டுப் பக்கம் தரைக்குள் இறங்கி, வடிகால் இருக்கும் திசையில் மறைகிறது. கையை வைத்துப் பார்த்தேன். குழாய் அதிர்ந்தது.

டேனியலுக்குப் போன் செய்து கத்தினேன்.

"மேடம், நீங்கதானே எப்படியாவது லாரியக் குறைன்னு சொன்னீங்க? இந்த மண்ணுல உறிஞ்சு குழி நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். இந்த ஏரியாவுல பாதி பில்டிங்ல இதான் மேடம்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

இங்கேயும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாது என்று. ஆனால் ஜூன் மாதம் அவன் ஆட்கள் கேட் வழியாகக் குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது நான் அங்கேதான் நின்றேன். குழிக்கு எதற்கு இத்தனை குழாய் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, எத்தனை பேருக்கு டீ வேண்டும் என்று கேட்டேன். தெரியாது என்பது சரியான வார்த்தை இல்லை.

அக்டோபர் 14

ஸ்ரீதரையும் மற்ற நிர்வாகக் குழுவையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

"மேடம், இப்ப எதையும் தொடாதீங்க" என்றார் ஸ்ரீதர். "மழை சீசன் வருது. தண்ணியோட தண்ணியா போயிடும். பொங்கலுக்கு அப்புறம் நிதானமா ஏதாவது பண்ணலாம்."

"மாவுக்கடை?"

"அவங்க குழாய் விட்டதும் தப்புதானே மேடம்? நாம ஒண்ணும் பொய்ப் புகார் குடுக்கலையே."

நாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவர்களுக்கு முறுக்கு கொடுத்தேன்.

எல்லாவற்றையும் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இவர், அவர்கள் போன பிறகு வந்து டம்ளர்களை எடுத்துக் கழுவிவைத்தார்.

அக்டோபர் 16

செல்வராணியின் மனுவை விசாரிக்க மண்டல அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு வரச் சொல்லிக் கேட்டாள். தலைவலி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஆட்டோவோடு வாசலில் நின்றாள்.

மாடியில் கயல்விழியின் மேஜை. நேரில் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவள். மனுவைப் படித்தாள். தொடர்பு எண் எழுதும் இடம் காலியாக இருந்தது. "என் போனு அடிக்கடி அணைஞ்சிரும். அக்கா நம்பரு போட்டுக்கலாமா?" என்றாள் செல்வராணி. பேனா என் கையில். எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினேன்.

கயல்விழி எண்ணைப் பார்த்தாள். தன் கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள், செல்வராணி எதிரிலேயே சொல்லிவிடுவாள் என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. "நீங்க எந்தக் கட்டடம் மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன்.

"கடை மூடின பிறகும் அந்த வடிகால்ல கழிவுநீர் வருது. உங்க கட்டடத்துக் கழிவுநீர் எங்க போகுது?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பொருத்தமான இடம் அதுதான், கேட்கும் ஆளும் அவள்தான். கேள்வியே கேட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் போதும்.

"லாரி வருது" என்றேன்.

"அக்கா பில்டிங்ல எல்லாம் கரெக்டா இருக்கும் மேடம்" என்று செல்வராணி குறுக்கே புகுந்தாள். "அக்கா இருக்காங்கல்ல, ஒரு தப்பு நடக்க வுட மாட்டாங்க."

கயல்விழி தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். தொட்டி கட்டி முடித்ததும் கடையைத் திறக்க அனுமதி பற்றிப் பார்க்கலாம் என்றாள்.

திரும்பும் வழியில் செல்வராணி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மகள் வீடியோவில் வந்தாள். புதுப் புடவையைக் காட்டினேன். எதிரில் கடை ஷட்டர் முன்னால் யாரோ வெடித்த பட்டாசுக் காகிதம்.

அக்டோபர் 22

நேற்று பிடித்த மழை விடவே இல்லை. காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். செல்வராணியின் வீடு கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தெருவைவிடத் தாழ்ந்த இடம். வடிகால் எதிர்த்துக்கொண்டு சந்துக்குள் பொங்குகிறது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன்.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேலே அந்த நுரை. செல்வராணி இடுப்பில் அரிசி மூட்டையை ஏந்தி நின்றாள். யமுனா கட்டில் மேல் காலை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரும் நானும் செல்வராணியும் மூட்டைகளைத் தூக்கிப் பரண் மேல் போட்டோம். உளுந்து மூட்டை ஒன்று ஏற்கெனவே நனைந்து போயிருந்தது. என் காலில் வழுவழுவென்று ஏதோ பட்டுப் பட்டுப் போனது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க வீட்டுக்கு வாங்க. யமுனாவையாவது அனுப்பு" என்றேன்.

"பரவால்லக்கா, மழத் தண்ணிதானே, சாயங்காலம் வடிஞ்சிரும்" என்றாள்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தரையோடு தரையாக, மூடி மேலேயே வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். "தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்றேன்.

"சரிக்கா."

ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தொட்டியின் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுக் காலைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று நினைத்ததும் குழாயை மூடினேன்.

அக்டோபர் 24

யமுனாவுக்கு வாந்தி பேதி. நேற்று முழுக்க நிற்கவில்லையாம். விடிகாலையில் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். சந்தில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலும் குழந்தைகளுக்கு இதே. வாட்ச்மேன் சொன்னார்.

இவரிடம் போய், "நான்தான்" என்றேன். "புகாரும் நான்தான், குழாயும் நான்தான்."

"தெரியும்" என்றார். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நானும் சேத்துதான் சும்மா இருந்துட்டேன்."

அக்டோபர் 25

செயலியைத் திறந்தேன். இந்த முறை எங்கள் கட்டடத்தின் பெயர், மோட்டார் இருக்கும் இடம், குழாய் போகும் வழி எல்லாம். படங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்ற கட்டம் மறுபடி வந்தது. அதை விட்டுவிட்டேன். பிறகு கயல்விழிக்கே போன் செய்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள். "அடுத்த வாரம் உங்க தெருவுல எல்லாக் கட்டடத்தையும் சோதிக்கத் தேதி போட்டிருந்தேன். அதுக்குள்ள மழை வந்துருச்சு."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அக்டோபர் 27

குழாயை வெட்டினார்கள். வடிகாலில் இறங்கும் இடத்தைத் தோண்டி, அடைத்து, சிமெண்ட் பூசினார்கள். செல்வராணி கடைக்கு வந்த அதே டிரை சைக்கிள். அபராத அறிவிப்பு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டது. சந்தில் சுகாதாரத் துறை ஆட்கள் தொட்டிகளில் குளோரின் போட்டார்கள். இன்று புடவைக்குப் பின்னால் நிற்கவில்லை, கேட்டிலேயே நின்றேன். கட்டடத்தில் ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு முகம், எல்லாம் என்னைத்தான் பார்த்தன.

"சொந்த வீட்டுக்கே குழி தோண்டிட்டீங்களே மேடம்" என்றார் ஸ்ரீதர். செயலாளர் பொறுப்பை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனைக்குப் போனேன். யமுனாவுக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறதாம். செல்வராணி மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். அவள் திரும்பும்வரை நிற்கத் தைரியம் இல்லாமல் பழப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 30

யமுனா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று போனேன்.

செல்வராணி பிளீச்சிங் பவுடரைத் தூவி, தரையைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். நிமிரவில்லை.

"செல்வராணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஸ்ரீதர் சார் சொல்லிட்டாரு. ரெண்டும் நீங்கதான்னு."

ஸ்ரீதர் முந்திக்கொண்டார். வாசலிலேயே நின்றேன்.

"உங்க பில்டிங்கு குழாய நீங்களே வெட்ட வெச்சீங்கன்னு சொன்னாரு. கோவமாத்தான் சொன்னாரு. எனக்கு, அக்கா அக்காதான்னு தோணுச்சு. அப்புறம்தான் மொத புகார யாரு குடுத்ததுன்னு சொன்னாரு." துடைப்பத்தைத் தட்டித் தண்ணீரை உதறினாள். "என் குழாயில தண்ணி போச்சு, அது நெசம். அதுக்குக் கடைய மூடினாங்க, சரி. உங்க வீட்டுக்கு வந்து உங்க கிட்டயே மனு எழுதி வாங்கினேன் பாருங்க. அப்பகூட ஒரு வார்த்த சொல்லலியே. சரி, அதையும் வுடுங்க. அன்னிக்கு அந்தத் தண்ணியில எங்கூட நின்னு மூட்ட தூக்குனீங்களே. அப்ப அது என்னா தண்ணின்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொன்னேனே" என்றேன்.

எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய், இந்த ஒன்றுதான் வாயில் வந்தது. அறைக்குள் கட்டிலில் படுத்திருந்த யமுனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள் செல்வராணி. "சொன்னீங்க."

குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். துடைப்பம் என் கால் இருந்த இடம் வரை வந்தது. நான் நகர்ந்தேன். அவள் அந்த இடத்தையும் தேய்த்தாள்.

நவம்பர் 9

லாரி மறுபடி வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். உறுமும் சத்தமும் வீச்சமும். அது வந்து நின்றதும் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படுகின்றன. லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாவது மாடி அம்மாள் மட்டும், "நல்லது செஞ்சீங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது, நான் நல்லது எதுவும் செய்யவில்லை என்று?

மாவுக்கடை திறந்தாயிற்று. பக்கவாட்டில் புதிதாக ஒரு தொட்டி. மாட்டுப் பண்ணைக்காரர் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்து கழனித் தண்ணீர் எடுத்துப் போகிறார். இவர்தான் மாவு வாங்கப் போகிறார். அவரிடம் நன்றாகப் பேசுகிறாளாம். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 21

மத்தியானம் காலிங் பெல். யமுனாவின் கணவன், கையில் பெரிய தட்டு நிறையச் சின்னச் சின்னப் பொட்டலங்கள். "பொண்ணு பொறந்திருக்கா மேடம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மூணு கிலோ" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரிந்தும் இன்று சிரிக்கிறான்.

ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"உங்க மாமியார் குடுக்கச் சொன்னாங்களா?"

"ஆமா மேடம்."

"எங்க வீட்டுக்குன்னு சொன்னாங்களா?"

அவன் புரியாமல் பார்த்தான். "தெருவுல எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு வரச் சொன்னாங்க மேடம். ஒரு வீடு விடக் கூடாதுன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லீங்களே."

அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டான். அங்கேயும் அதே வார்த்தைகள், அதே மூணு கிலோ. அந்த வீட்டுக்கும் ஒரு பொட்டலம். கதவருகிலேயே நின்று, அவன் மாடி மாடியாக ஏறிப் போகும் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தில் ஒரு லட்டு. இவர் பாதி, நான் பாதி. நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் வெகு நேரம் கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை.